செஞ்சோற்றுக் கடனும் ஒப்பந்தச் சீட்டும்

வெதுரு என்பது தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும் சொல். குப்பம் என்பது தெலுங்கருக்கும் தமிழருக்கும் பொதுவான சொல். இவ்விரண்டும் கூடிப் பெயராய் அமைந்த வெதுருகுப்பம், ஆந்திர நாட்டில் சித்தூரையும் திருப்பதியையும் அடுத்த பகுதியில் உள்ளது. ஒரே தெருவில் இரண்டு மொழிகளும் வழங்கும் சீமை அது. அந்தச் சீமையிலும், அதனை ஒட்டிய பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியிலும், தருமராஜர் கோயில்களில் பாரத விழா நடைபெறுவது வழக்கம். பகலில் கதை படிப்பர். இரவில் கூத்து ஆடுவர். கர்ண மோட்சம் ஆடப்பெறும் இரவில் விடியும்வரை கூட்டம் கலையாது.

பாண்டவர் தன் உடன்பிறந்தார் என்று அறிந்த பின்னும், மூத்தவனாகிய தனக்கே அரசு உரியது என்று அறிந்த பின்னும், கர்ணன் துரியோதனனை விட்டு வர மறுக்கிறான். தேரோட்டியின் மகன் என்று உலகம் தன்னை இகழ்ந்த நாளில் முடிசூட்டியவன் அவன் ஒருவனே. அவனுடைய சோற்றை உண்டு வளர்ந்த உடம்பு அவனுக்காகவே வீழட்டும் என்பது கர்ணனுடைய முடிவு. இதனைத்தான் நம்மவர் செஞ்சோற்றுக் கடன் என்று போற்றுகின்றனர்.

நேயர்களே! இந்தப் பழஞ்சொல் இக்காலத்தில் எதிர்பாராத ஓர் இடத்தில் ஒலிக்கிறது. அது கால்பந்து மைதானம். ஒரு கழகத்துக்காக ஆடிவரும் ஆட்டக்காரன், 'நான் வேறு கழகத்துக்குப் போக விரும்புகிறேன்' என்று சொல்லிவிட்டால் போதும். நேற்றுவரை அவனைத் தோளில் தூக்கியவர்களே, 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தான்' என்று ஏசுகின்றனர். அவன் பெயர் பொறித்த சட்டையைக் கொளுத்துவோரும் உண்டு. கழக நிருவாகிகளோ, ஒப்பந்தச் சீட்டை எடுத்துக் காட்டி, 'இவன் எங்களுக்குக் கட்டுப்பட்டவன்' என்கின்றனர். கூட்டம் பேசுவது விசுவாசத்தைப் பற்றி. நிருவாகி பேசுவது சட்டத்தைப் பற்றி. இரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணிக்கொள்வதால்தான் குழப்பம் விளைகிறது. ஆட்டக்காரன் தன் கழகத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் எது? அது எந்த நாளில் தீரும்? உண்மையில் அவன் செஞ்சோற்றுக் கடன் பட்டது யாரிடம்? இவற்றையே இன்று சிறிது ஆராய்வோம்.

நம் நாட்டில் கால்பந்து வேரூன்றிய நாளில், நீண்டகால ஒப்பந்தம் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது அவனுடைய உத்தியோகம். போலீஸ் படையில் வேலை கிடைத்தவன் போலீஸ் அணிக்கு ஆடினான். ரயில்வேயில் கிடைத்தவன் ரயில்வே அணிக்கு ஆடினான். சையத் அப்துல் ரகீம் பயிற்றுவித்த ஐதராபாத் நகரப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. பி. கே. பானர்ஜி, கல்கத்தாவின் பெருங்கழகங்களுக்குச் செல்லாமல் கிழக்கு ரயில்வே அணியிலேயே ஆடி, 1958இல் அதற்குக் கல்கத்தா லீக் வெற்றியைத் தேடித் தந்தார். சைலேன் மன்னா ஏறத்தாழ 19 ஆண்டுகள் மோகன் பகான் கழகத்துக்கு ஆடினார். சுனி கோஸ்வாமி சிறுவனாக அக்கழகத்தில் நுழைந்து, 1968இல் ஓய்வு பெறும்வரை வேறு கழகத்தை நாடவில்லை. இவர்களை எந்த ஒப்பந்தமும் ஆயுள் முழுவதும் கட்டிவைக்கவில்லை. தாமாகவே விரும்பி இருந்தார்கள். ஆதலால்தான் அவர்களுடைய பற்றுக்குப் பெருமை உண்டாயிற்று. கட்டாயத்தினால் இருப்பவனை நாம் விசுவாசி என்று சொல்வதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஈஸ்ட் பெங்கால் கழகம் 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அந்நாளில் அதன் முன்னணியில் ஆடிய ஐவர், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகியோர். ஐவரும் தென்னாட்டிலிருந்து சென்றவர்கள். அப்பாராவ் ஆந்திரக் கரையிலுள்ள காக்கிநாடாவைச் சேர்ந்தவர். வங்க மக்கள் இவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றே அழைத்தனர். தம் ஊரை விட்டு வந்த ஐவரைப் பாண்டவர் என்று கொண்டாடும் ரசிகர்கள், தம் கழகத்தை விட்டுப் போகும் ஒருவனை மட்டும் துரோகி என்று தூற்றுவது என்ன நியாயம்? வருகிறவன் எங்கிருந்தோ விட்டு வந்தவன்தானே!

பீட்டர் தங்கராஜையும் இங்கே நினைக்க வேண்டும். 1935இல் ஐதராபாத்தில் பிறந்த இந்தக் கோல்காவலர், மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் ஆடிப் புகழ் பெற்றார். அந்த அணி 1955இலும் 1958இலும் டியூராண்ட் கோப்பையை வென்றது. பின்னர் அவர் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற கல்கத்தாவின் மூன்று பெருங்கழகங்களிலும் ஆடினார். 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கப் பதக்கம் பெற்ற இந்திய அணியிலும் இருந்தார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். ஒன்றுக்கொன்று பகைமை பாராட்டும் மூன்று கழகங்களில் ஆடிய அவரை இன்று யாரும் விசுவாசமற்றவர் என்று சொல்வதில்லை. எந்தக் கம்பத்தின் முன் நின்றாரோ, அந்தக் கம்பத்தை அன்றைக்கு முழு மனத்துடன் காத்தார் என்பதே அவருக்குரிய புகழ்.

இவ்வாறு நல்லெண்ணத்தை நம்பியே எல்லாம் நடந்துவிடவில்லை. பிற்காலத்தில் கல்கத்தாவில் ஆண்டுதோறும் கழகம் மாறும் காலம் வந்தால், நகரமே பரபரப்படைந்தது. ஆட்டக்காரன் சங்க அலுவலகத்துக்கு நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் எதிர்க்கழகத்தார் அவனைக் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, அவனை விடுதி அறைகளிலும் அன்பர் வீடுகளிலும் ஒளித்து வைப்பார்கள். கையெழுத்திடும் நாளில் ஆதரவாளர் புடைசூழ அழைத்து வருவார்கள். பத்திரிகைகள் இதனைத் திருவிழாப்போல் வருணித்தன. ஆனால் அறைக்குள் இருந்தவன் ஒரு மனிதன் என்பதைப் பலர் மறந்தார்கள். அடுத்த ஆண்டைப் பற்றிய உறுதி அவனுக்கும் இல்லை, கழகத்துக்கும் இல்லை. நீண்டகால ஒப்பந்தம் தோன்றியதற்கு ஒரு நல்ல காரணம் உண்டென்றால் அது இதுவே: கதவுக்குப் பூட்டுப் போட்டுக் காக்க வேண்டியதை எழுத்தினால் காப்பது.

ஆயினும் எழுத்தும் பூட்டாக மாறக்கூடும். அதற்கு இங்கிலாந்தின் வரலாறு சான்று. அந்நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஒரு விசித்திர முறை வழங்கிவந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும், கழகம் விரும்பினால் ஆட்டக்காரனின் பெயரைத் தன் பட்டியலிலேயே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். கழகம் சொல்லும் ஊதியத்துக்கு அவன் இசையாவிட்டால் ஊதியம் இல்லை. வேறு கழகத்தில் சேரவும் வழி இல்லை.

சித்தூர் நாட்டு உழவருக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒருவன் மூன்று ஆண்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கரும்பு பயிரிடுகிறான். மூன்று ஆண்டும் முடிகின்றன. குத்தகைப் பணமும் தீர்ந்தது. அதன் பின்னும் நிலக்காரர், 'என் நிலத்தை நான் சொல்லும் குத்தகைக்கு உழு. இல்லையேல் இந்த ஜில்லாவில் எந்த நிலத்திலும் உன் ஏர் இறங்கக் கூடாது' என்று சொன்னால் ஊர் ஒப்புமா? ஆனால் பல்லாயிரம் பேர் கைதட்டிப் பார்த்த ஆட்டத்தில், ஆடியவனுக்கு அந்த நிலைமை இருந்தது.

இதனை எதிர்த்து நின்றவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். 1956 முதல் நியூகாசில் யுனைடெட் கழகத்தில் ஆடிவந்த அவர், 1960ஆம் ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் வேறிடம் செல்ல விரும்பினார். கழகம் விடவில்லை. அவர் பந்தை வைத்துவிட்டு இங்கிலாந்தின் தென்பகுதிக்குச் சென்று, தக்கை விற்கும் வேலையில் அமர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் கழகம் மனம் மாறி, 47,500 பவுனுக்கு அவரை ஆர்சனல் கழகத்துக்கு விட்டது. தம் காரியம் முடிந்துவிட்டதே என்று அவர் இருந்துவிடவில்லை. ஆட்டக்காரர் சங்கத்தின் துணையுடன் வழக்கை நடத்தினார். 1963ஆம் ஆண்டில் நீதிபதி வில்பர்போர்ஸ், ஒப்பந்தம் முடிந்தவனை நிறுத்தி வைக்கும் முறை தொழில் சுதந்திரத்துக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். இதற்கு முன்னரே, 1961இல், வாரத்துக்கு 20 பவுனுக்கு மேல் ஊதியம் கூடாது என்ற வரம்பும் அங்கே நீங்கியிருந்தது.

ஐரோப்பாவின் பிற நாடுகளில் இந்தப் பூட்டு மேலும் முப்பது ஆண்டுகள் நீடித்தது. பெல்ஜியத்தில் ழான் மார்க் பொஸ்மான் என்ற நடுத்தர ஆட்டக்காரரின் ஒப்பந்தம் 1990இல் முடிந்தது. லியேஜ் நகரக் கழகம் அவருடைய மாத ஊதியத்தை 1,20,000 பிராங்கிலிருந்து 30,000 ஆகக் குறைத்துப் புதிய ஒப்பந்தம் நீட்டியது. அவர் மறுத்துப் பிரான்ஸ் நாட்டுக் கழகம் ஒன்றுக்குச் செல்ல முயன்றார். பழைய கழகம் மாற்றுத் தொகை கேட்டு வழியை அடைத்தது. ஐந்து ஆண்டு வழக்குக்குப் பின் 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தபின் ஒன்றிய நாடுகளுக்குள் செல்லும் ஆட்டக்காரனுக்கு விலை கேட்கலாகாது என்று தீர்த்தது. அத்தீர்ப்பினால் பின்வந்த ஆட்டக்காரர் பலர் கோடீசுவரர் ஆயினர். பொஸ்மானோ தம் ஆட்ட வாழ்வை வழக்கிலேயே இழந்து வறுமையுற்றார். வழி வெட்டியவர் அவர். அதில் வண்டி ஓட்டியவர்கள் பிறர்.

இனி நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவில், சட்டத்துக்கு உட்பட்ட தொழிலை ஒருவன் செய்யவொட்டாது தடுக்கும் உடன்படிக்கை, அந்தத் தடையளவில் செல்லாது என்று விதிக்கிறது. 2006ஆம் ஆண்டில், கிரிக்கெட் வீரர் சாகீர் கானுக்கும் அவருடைய விளம்பரக் காரியங்களை நடத்திய ஒரு நிறுவனத்துக்கும் ஏற்பட்ட வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் அவரைக் கட்டுப்படுத்த முயன்ற நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே காலம் முடிந்தால் கட்டு அவிழும் என்பது இங்கும் நெறியே.

காலம் முடிவதற்கு முன் போக விரும்பினால்? இங்கேதான் ஆட்டக்காரனும் பொறுப்புணர வேண்டும். 1852ஆம் ஆண்டிலேயே லண்டனில் இதற்கு ஒரு வழக்கு வந்தது. ஜொகன்னா வாக்னர் என்ற பாடகி, ஒரு நாடக அரங்கில் மூன்று மாதம் பாடுவதாகவும், அக்காலத்தில் வேறெங்கும் பாடுவதில்லை என்றும் ஒப்பந்தம் செய்தார். எதிர் அரங்கத்தார் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லவே, அங்கே பாட இணங்கினார். நீதிமன்றம் என்ன செய்தது? 'நீ இங்கே பாடியே தீரவேண்டும்' என்று கட்டளையிட அதனால் இயலாது. மனமில்லாதவர் தொண்டையிலிருந்து பாட்டை வரவழைக்க எந்த நீதிபதியாலும் முடியாது. ஆனால், 'ஒப்புக்கொண்ட காலத்தில் அங்கே போய்ப் பாடாதே' என்று தடை விதித்தது. கால்பந்துக்கும் இது பொருந்தும். ஒருவனை மைதானத்தில் தள்ளி ஓடச் செய்ய முடியாது. ஆனால் கொடுத்த வாக்கை முறித்ததற்கு ஈடு கேட்கலாம். காலம் முடியும்வரை பகைவரிடம் சேராதே எனத் தடுக்கலாம்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பாகிய ஃபிஃபாவின் விதிகளும் இவ்வழியே செல்கின்றன. ஒப்பந்தம் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு மேற்படலாகாது. 18 வயது நிரம்பாதவனுக்கு மூன்று ஆண்டே எல்லை. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது அவன் அடுத்த கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். 28 வயதுக்கு முன் கையெழுத்திட்டவனுக்கு முதல் மூன்று ஆண்டுகள் காப்புக் காலம் எனப்படும். அதற்குள் தக்க காரணமின்றி முறித்தால் ஈட்டுத் தொகையுடன் நான்கு மாதம் ஆடத் தடையும் வரலாம். அவனைத் தூண்டி அழைத்த கழகத்துக்குப் புதியவரைச் சேர்க்கத் தடையும் வரலாம். இவ்விதிகள் கல்லில் வெட்டியவை அல்ல. 2024 அக்டோபர் 4ஆம் நாள், பிரெஞ்சு ஆட்டக்காரர் லசானா தியாராவின் வழக்கில், இவற்றுட் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறிவிட்டது. முறித்தவனிடம் ஈடு கேட்பதே தவறு என்று அது சொல்லவில்லை. கேட்கும் முறை அவன் பிழைப்பையே அடைத்துவிடக் கூடாது என்பதே அதன் கருத்து.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று நேயர்கள் எண்ண வேண்டாம். 2024இல் கல்கத்தாவையே இரண்டாகப் பிளந்த வழக்கு ஒன்று நடந்தது. பஞ்சாபைச் சேர்ந்த அன்வர் அலி நம் நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுள் ஒருவர். 2019இல் அவருக்கு இதயக் கோளாறு இருப்பது தெரியவந்து, அவருடைய ஆட்ட வாழ்வே முடிந்தது என்று பலர் எண்ணினர். அவர் நீதிமன்றம்வரை சென்று போராடினார், தில்லி எஃப்.சி. என்ற சிறிய கழகம் அவருக்கு மீண்டும் களத்தில் இடமளித்தது. அக்கழகம் 2023இல் அவரை நான்கு ஆண்டுக் காலத்துக்கு மோகன் பகானுக்கு இரவலாகத் தந்தது. ஓர் ஆண்டு ஆடிய பின், 2024 ஜூலையில் அவர் அந்த ஏற்பாட்டை முறித்துக்கொண்டார். அடுத்த மாதமே ஈஸ்ட் பெங்காலில் ஐந்து ஆண்டுக்குச் சேர்ந்தார்.

மோகன் பகான் முறையிட்டது. செப்டம்பர் 10ஆம் நாள் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் தகுதிக் குழு, தக்க காரணமின்றி ஒப்பந்தம் முறிக்கப்பட்டது என்று தீர்த்து, அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும் இரு கழகங்களும் சேர்ந்து 12.90 கோடி ரூபாய் ஈடு தரவேண்டும் என்றது. அவ்விரு கழகங்களும் இரண்டு பதிவுக் காலங்களுக்குப் புதியவரைச் சேர்க்கலாகாது என்றும் கூறியது. தில்லி உயர் நீதிமன்றத்துக்கு விவகாரம் சென்றது. அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு, மறு விசாரணைக்கு வழி பிறந்தது. அன்வர் அலி ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடலானார்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது நம் வேலையன்று. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைதானத்தில் அவரைத் துரோகி என்று கூவினவர்கள், மோகன் பகானுக்கு அவர் பட்ட செஞ்சோற்றுக் கடனைப் பற்றியே பேசினார்கள். ஆனால் அவரை ஆடவிடலாமா என்றே உலகம் தயங்கிய நாளில் அவருக்கு இடம் தந்தது எந்தக் கழகம்? கர்ணன் கதையில் துரியோதனன் முடிசூட்டியது கர்ணன் புகழின் உச்சியில் இருந்தபோது அன்று. அவன் பெயர் சொல்லத் தயங்கி நின்றபோது. செஞ்சோற்றுக் கடன் பிறப்பது அத்தகைய வேளையில்தான். புகழ் பெற்றவனுக்கு விலை பேசி ஊதியம் தருவது கொடுக்கல் வாங்கல். அதற்குரிய கடன், ஒப்பந்தம் சொல்லும் காலம்வரை ஒழுங்காக உழைப்பது. காலத்தை முறித்தால் அதற்குரிய ஈட்டைக் கொடுப்பது. அதற்கு மேல் அவனுடைய ஆன்மாவையும் கழகம் வாங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

கழகமும் விசுவாசத்துடன் இருக்க வேண்டும் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 2025ஆம் ஆண்டில் இந்திய சூப்பர் லீக் போட்டி நடைபெறுமா என்ற ஐயம் எழுந்தபோது, ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் பெங்களூரு எஃப்.சி. கழகம் தன் முதல் அணியின் ஆட்டக்காரருக்கும் பணியாளருக்கும் ஊதியத்தைக் காலவரையறையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. வேறு சில கழகங்களும் இத்தகைய நிலைக்கு வந்தன. லீக்கின் எதிர்காலம் தெரியாமல் கழகங்கள் தவித்தன என்பது உண்மை. எனினும் அன்று யாரும் கழகங்களைத் துரோகி என்று கூவவில்லை. ஊதியம் நின்ற ஆட்டக்காரன் வேறிடம் தேடினால் மட்டும் அது இரண்டகம் ஆகுமோ? இவ்விஷயத்தில் விதி தெளிவாகவே உள்ளது. கழகம் குறைந்தது இரண்டு மாத ஊதியத்தை நிறுத்திவைத்தால், ஆட்டக்காரன் எழுத்து மூலம் 15 நாள் தவணை கொடுத்துக் கேட்கலாம். அதன் பின்னும் தராவிட்டால் தக்க காரணத்துடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். சோறு நின்ற இடத்தில் சோற்றுக் கடன் ஏது?

இனி, முதலில் எழுப்பிய மூன்றாவது வினாவுக்கு வருவோம். ஆட்டக்காரன் உண்மையில் கடன்பட்டது யாரிடம்?

வெதுருகுப்பத்துச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். கரும்பு வெட்டிய தரையில் வெறுங்காலுடன் பந்து உதைக்கிறான். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் அவனைக் கண்டுகொள்கிறார். ஊர் இளைஞர் கழகம் சந்தா வசூலித்து அவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கித் தருகிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் நடக்கும் போட்டிகளுக்கு யாரோ ஒருவர் தம் கைக்காசில் பஸ் சத்தம் கொடுத்து அழைத்துச் செல்கிறார். இவர்களுள் எவரும் அவனிடம் கையெழுத்து வாங்கவில்லை. ஐந்தாறு ஆண்டுக்குப் பின் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு பெரிய கழகம் அவனை ஒப்பந்தம் செய்கிறது. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லுக்குத் தகுதியுடையவர் யார்? அந்த ஆசிரியரும் அந்த இளைஞர் கழகமும் அல்லவா?

உலகக் கால்பந்து விதியில் போற்றத்தக்க ஒன்று, இந்தக் கடனுக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பது. தொழில்முறை ஆட்டக்காரன் ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து வேறு நாட்டுக் கழகத்துக்கு மாற்றுத் தொகையுடன் செல்லும்போது, அத்தொகையில் 100க்கு 5 பங்கு, 12 வயது முதல் 23 வயதுவரை அவனைப் பயிற்றிய கழகங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வரை ஆண்டுக்குக் கால் பங்கு. 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரைப் பங்கு. ஒருவனுக்கு 1 கோடி ரூபாய் கைமாறினால் 5 லட்சம் இவ்வாறு பிரியும். அவனை முதல் நான்கு ஆண்டு பயிற்றிய சிற்றூர்க் கழகத்துக்கு 1 லட்சம் வரும். பெருநகரத்தில் அது சிறு தொகை; சிற்றூரில் அது எத்தனையோ சிறுவருக்குப் பூட்ஸும் பந்தும் ஆகும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கழகம் முறைப்படி சங்கத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். சிறுவனுடைய பெயரும் அக்கழகத்தின்பேரில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத அன்பை எந்தக் கணக்கரும் கண்டுகொள்ள மாட்டார். ஆகவே, ஊர்தோறும் கால்பந்துக் கழகம் நடத்தும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: போட்டிக்குக் கோப்பை வாங்கும் செலவில் ஒரு பகுதியைப் பதிவுக்கு ஒதுக்குங்கள். கழகத்தைச் சங்கத்தில் சேருங்கள். சிறுவரின் பிறந்த தேதியையும், சேர்ந்த நாளையும், விலகிய நாளையும் குறித்து வையுங்கள். நாளை ஒருவன் பெரிய ஆட்டக்காரன் ஆனால், அவன் நன்றி அவன் மனத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

அந்தச் சிறுவனின் பெற்றோருக்கும் இரண்டொரு சொல். 18 வயது நிரம்பாதவன் இடும் கையெழுத்து நம் நாட்டுச் சட்டப்படி ஒப்பந்தம் ஆகாது. பாதுகாவலராகிய நீங்களே கையெழுத்திட வேண்டி வரும். ஆகவே, சீட்டில் எழுதியிருப்பதைத் தெலுங்கிலோ தமிழிலோ ஒருவரைக் கொண்டு முழுதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை ஆண்டு? அதை நீட்டிக்கும் உரிமை இருவருக்குமா, கழகத்துக்கு மட்டுமா? இடையில் விலக வேண்டுமானால் எவ்வளவு கொடுக்க வேண்டும்? கால் முறிந்தால் வைத்தியச் செலவு யாருடையது? ஊதியம் எந்தத் தேதியில்? இந்த ஐந்துக்கும் விடை இல்லாத சீட்டில் கையெழுத்திட வேண்டாம். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம். கையெழுத்திட்டபின் ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

போக விரும்பும் ஆட்டக்காரனுக்கும் ஒரு நெறி உண்டு. போவது குற்றமன்று, போகிற விதத்தில்தான் குற்றமும் குணமும் உள்ளன. மனம் கசந்ததும் காலில் வலி என்று பொய் சொல்லிப் பெஞ்சில் உட்கார்வது, பயிற்சிக்கு வராமல் கழகத்தை மிரட்டுவது, மறைவாக ஒருவரிடமும் வெளிப்படையாக ஒருவரிடமும் பேசுவது, இவையே இரண்டகம். புதிய கழகம் பழைய கழகத்துக்கு எழுதித் தெரிவித்துப் பேசட்டும். அவனும் தன் விருப்பத்தை நேரில் சொல்லட்டும். இருக்கும் கடைசி ஆட்டம்வரை முதல் ஆட்டம் போலவே ஆடட்டும். இவ்வாறு செய்தவனைத் தடுத்து வைக்கும் கழகத்துக்கு லாபமும் இல்லை. உடல் இங்கும் உள்ளம் எங்குமாக நிற்கும் ஒருவனால் பத்துப் பேரின் ஆட்டமும் கெடும்.

நேயர்களே! கர்ணன் நம் உள்ளத்தில் உயர்ந்து நிற்பது, அவன் கட்டுண்டு கிடந்தான் என்பதால் அன்று. போவதற்கு வழி திறந்திருந்தும் போகாது நின்றான் என்பதால்தான். வாசலை அடைத்துவிட்டால், உள்ளே இருப்பவனுடைய அன்பை நாம் ஒருநாளும் அறிய முடியாது. ஆதலால் ஒப்பந்தம் காலத்தைக் கட்டட்டும். அதற்கு ஆட்டக்காரன் நேர்மையாய்க் கட்டுப்படட்டும். காலம் முடிந்தபின் கழகம் கைகுலுக்கி அனுப்பட்டும். அவனுக்கு முதன்முதலில் பூட்ஸ் வாங்கித் தந்த சிற்றூர்க் கழகத்தின் பெயர் மட்டும், அவன் எங்கே ஆடினாலும், பதிவேட்டிலும் அவன் நினைவிலும் அழியாது இருக்கட்டும்.